மயில்சாமியின் பயம்

குதிரையேற்றப் பயிற்சியாளராகச் சேருகிறவர் தன் பயத்தை வீட்டு மனுஷர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குதிரை பயத்தை மோப்பம் பிடித்துவிடும், அது ஊரறிந்த விஷயம். அதனால் மயில்சாமி வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை, மனைவி சுகந்தாமணியும் கூடப் போனாள்.

பயிற்சிப் பள்ளியின் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. இருவரும் மூன்று மாடி ஏறினார்கள்.

"சம்சாரமுங்களா?" என்று கிளார்க் கேட்டார்.

"ஆமாங்க. பதினாறு வருஷமாச்சு."

"அப்பத் தாங்கும். இங்க நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா. நூறடிக்குள்ளயே இருக்கோணும். தாண்டிப் போனீங்கன்னா பயம் அவருகிட்டயே திரும்பிரும்."

போட்ட கையோடு சுகந்தாமணி சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் மயில்சாமி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை.

மைதானத்தில் பயம் வைத்திருப்பவர் உட்கார ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். பெஞ்சடியில் முந்தின பயிற்சியாளர் வீட்டம்மாவின் செருப்பு கிடந்தது. கழற்றி விட்ட மாதிரி இல்லை.

ஐந்து மாணவர்கள், ஆறு குதிரைகள். மயில்சாமி நடுவில் நின்று அதட்ட, அவை வட்டமாக ஓடின.

சுகந்தாமணி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பயமாக வந்தது. கரப்பான் பூச்சி வந்தது. பழைய வேலையிடத்து மேனேஜரின் இருமல் வந்தது. செத்துப்போன மாமனாரின் பெல்ட் சத்தம் வந்தது. இத்தனையையும் வைத்துக்கொண்டா மனுஷர் தினமும் சிரித்துச் சிரித்துச் சோறு தின்றார்! பாவமாக இருந்தது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரைக் கேலி செய்தவள் அவள்தான்.

ஆறாவது குதிரையின் மேல் யாரும் இல்லை. அது வட்டத்தை விட்டு விலகி மூக்கைத் தூக்கியது.

"ஏனுங்க, அது இந்தப் பக்கம் வருதுங்க!"

"வரட்டும்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அது என்னுது. பத்திரமா வெச்சிரு."

குதிரை மெதுவாக நடந்து வந்தது. எழுந்து ஓடிவிடலாம். நூறடி ஒரு பெரிய தூரமில்லை. ஓடினால் பயம் அவரிடம் போகும். மற்ற ஐந்து குதிரைகளுக்கு நடுவில் அவர் நிற்கிறார். அவள் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கடைசிப் பயம் மேலே வந்தது. அதுதான் இருப்பதிலேயே பெரியது. சுகந்தாமணிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அவள் சந்தைக்குப் போய்த் தாமதமான நாளெல்லாம், பீடி வாங்க வந்தேன் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றாரே, அந்தப் பயம். பதினாறு வருஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அதில் ஒரு பொட்டுகூட அவரிடம் இல்லை. முழுசும் இவளிடம் இருந்தது.

குதிரை அவள் கழுத்தை முகர்ந்தது. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கியது.

"மாமா!" என்று கத்தினாள்.

மயில்சாமி திரும்பிப் பார்த்தார். நிதானமாக, முழுசாகப் பார்த்தார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"முதுகு நேரா இருக்கட்டும்," என்றார். "கண்ணு முன்னால பாக்கோணும்."