பெரியவரின் இரண்டாவது சர்வீஸ்

உலக டென்னிஸ் தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவரைப் பெரியவர் என்றும், இரண்டாமிடத்தில் இருப்பவரைச் சின்னவர் என்றும் இந்தச் சின்னவரின் பயிற்சி முகாமில் அழைத்தார்கள். பெரியவருக்கு வயது இருபத்தொன்பது, சின்னவருக்கு இருபத்தேழு. பெயர்களைக் கேட்டால் ஏதோ கூட்டுக் குடும்பத்து அண்ணன் தம்பி போலத் தோன்றும். பத்திரிகைக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் இந்த மோதலுக்கு 'நூற்றாண்டின் போர்' என்று பெயர் வைத்து, இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கும் படங்களை அருகருகே போட்டார்கள். இரண்டுமே வெயிலில் கண் கூசியபோது எடுத்த படங்கள். நூற்றாண்டின் எதிரிகள் ஓய்வறையில் சந்தித்துக்கொண்டால் ஒருவர் "ஃப்ளைட் எப்ப?" என்பார். மற்றவர் "ஞாயித்துக்கிழமை நைட்டு" என்பார். இறுதிப் போட்டி ஞாயிறு என்பதால் இருவருக்கும் எப்போதும் அதே பதில்தான். போர் அத்தோடு ஓய்ந்துவிடும்.

உண்மையில் தினமும் போர் செய்தவர் ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் ஜெராக்ஸ் என்று கூப்பிட்டார்கள்.

ஜெராக்ஸ் முப்பத்தொரு வயது ஆட்டக்காரர். தரவரிசையில் இருநூற்று முப்பத்தேழு. பெரியவரைப் போலவே இடக்கைக்காரர், ஏறக்குறைய அதே உயரம். இந்த இரண்டு தகுதிகளுக்காகவே சின்னவரின் முகாம் நான்கு வருடங்களுக்கு முன்னால் அவரை வேலைக்கு எடுத்தது. வேலை இதுதான்: பயிற்சியில் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பெரியவராக ஆட வேண்டும். பெரியவர் போல சர்வீஸ் போட வேண்டும், பெரியவர் போல ஓட வேண்டும், புள்ளி போனால் பெரியவர் போல ராக்கெட்டின் நரம்புகளை நோண்ட வேண்டும். ஒருமுறை பெரியவருக்குச் சளி பிடித்திருந்தது. அந்த வாரம் முழுக்க ஜெராக்ஸை மூக்கை உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சினார்.

சொன்னது பயிற்சியாளர். அவருக்குப் பேராசிரியர் என்று பெயர். எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அதனால் வந்த பட்டம். தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டுமென்றாலும் 'நீரேற்றக் கொள்கை' என்றுதான் தொடங்குவார். மடிக்கணினி நிறைய பச்சையும் சிவப்புமாகப் படங்கள் வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. ஆனால் அது நிஜமான கண்டுபிடிப்பு.

டென்னிஸில் சர்வீஸ் போட இரண்டு வாய்ப்பு. முதல் பந்து கட்டத்துக்கு வெளியே போனால் இரண்டாவது பந்து. பெரியவரின் இரண்டாவது பந்து எப்போதும் வளைந்து, எதிராளியை மைதானத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இன்னும் ஒரு புள்ளி போனால் தன் சர்வீஸ் கேமே எதிராளிக்குப் போய்விடும் என்கிற நெருக்கடியில் மட்டும், உலகின் முதல் ஆட்டக்காரருக்குக் கை கூசியது. அப்போது அவருடைய இரண்டாவது பந்து நடுக்கோட்டுக்கு அருகே, மெதுவாக, கல்யாணப் பத்திரிகை நீட்டுவது போல வந்து விழும். எதிராளிகள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துப் பேராசிரியர்தான் கவனித்தார்.

கவனித்ததைப் பூட்டி வைத்தார். ஒரு மாபெரும் இறுதிப் போட்டியின் மாபெரும் புள்ளியில் சின்னவர் அந்தப் பந்தைப் பாய்ந்து அடிக்க வேண்டும், உலகம் வாயைப் பிளக்க வேண்டும் என்பது திட்டம். அதற்காக ஜெராக்ஸ் தினமும் காலையில் அந்தப் பயந்த பந்தை மட்டும் அறுபது முறை போட்டார். நடுக்கோட்டருகே, மெதுவாக. சின்னவர் அறுபது முறை பாய்ந்து அடித்தார்.

இந்த நிலையில்தான் ஜெராக்ஸுக்கு ஒரு விபத்து போல வாய்ப்பு வந்தது. முகாமோடு எந்த ஊருக்குப் போனாலும் அவர் தகுதிச் சுற்றில் பெயர் கொடுப்பார், தோற்பார், மறுநாள் பெரியவராகிவிடுவார். இந்த முறையும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றார். ஆனால் முதன்மைச் சுற்றில் இருந்த ஒருவர் ஹோட்டல் படியில் கணுக்காலைத் திருகிக்கொண்டார். தோற்றவர்களில் ஒருவரை உள்ளே சேர்க்கும் விதிப்படி ஜெராக்ஸ் சேர்க்கப்பட்டார். முதல் சுற்று. சென்டர் கோர்ட். எதிரே பெரியவர்.

மத்தியானம் ஜெராக்ஸ் மனைவியைப் போனில் கூப்பிட்டார். அவள் கண் பரிசோதகர். கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு தாத்தாவை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பேசினாள்.

"நிஜமாவா? அவரோடவேவா?"

"ஆமா. நாளைக்குப் பதினோரு மணிக்கு."

"அடேயப்பா. எப்படி ஆடப் போறீங்க?"

"அதைத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு. நாலு வருஷமா அவரா ஆடிட்டேன். அதுக்கு முன்னாடி நான் எப்படி ஆடுவேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "ரொம்ப வேர்க்கும்" என்றாள். "அது நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆட்டம்?"

"ஆட்டத்தை யாருங்க பார்த்தா? அப்ப நான் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க, ஜெயிக்கிறது தோக்கிறது எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒரு நாளாவது நீங்களா ஆடிட்டு வாங்க. வீட்டுல கூட இப்பல்லாம் சட்டைத் தோளை இழுத்து விட்டுக்கறீங்க. அது அவர் பண்றது."

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அடுத்து பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். சின்னவர் ஜன்னலோரம் கால்களை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கதவைச் சாத்தினார், திரையை இழுத்தார், மூன்றாம் மாடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

"தம்பி, நாளைக்கு அந்தப் பந்து வரும். வந்தா நீங்க அதை அடிக்கக் கூடாது."

"சார், எனக்கு அவரை ஜெயிக்க இருக்கிற ஒரே வழி அதுதான்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க அடிச்சா அவருக்குத் தெரிஞ்சிடும். வரலாறுன்னு ஒண்ணு இருக்கு தம்பி. முதல் சுற்றுல, நூறு பேர் தூங்கிட்டு இருக்கிற காலை வேளையில வரலாற்றைச் செலவு பண்ண முடியாது."

ஜெராக்ஸ் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் வாளிக்குள் கால் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ் தீர்ந்துடுச்சு" என்றார்.

"சரி சார்" என்றார் ஜெராக்ஸ்.

மறுநாள் முதல் செட் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்தது. ஆறுக்கு இரண்டு. சின்னவராவது தோற்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். தானாக ஆடுவது என்று தீர்மானித்துத்தான் ஜெராக்ஸ் உள்ளே போனார். ஆனால் தான் என்பவர் வரவில்லை. பந்து வந்தால் கை பெரியவர் மாதிரி போனது. புள்ளி போனால் விரல்கள் நரம்பை நோண்டின. எதிர்ப்பக்கத்தில் நிஜப் பெரியவரும் நோண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தது இன்னும் மோசமாகிவிட்டது.

இரண்டாவது செட்டில் ஒரு விசேஷம் நடந்தது. பெரியவர் எங்கே அடிப்பார் என்பது ஜெராக்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவர் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அங்கேதான் அடித்திருப்பார். ஆகவே அங்கே போய் நின்றார். நாலுக்கு நாலு. பெரியவர் சர்வீஸில் நெருக்கடிப் புள்ளி. முதல் பந்து வலையில். இரண்டாவது பந்து நடுக்கோட்டருகே, மெதுவாக, மரியாதையோடு வந்தது.

ஜெராக்ஸின் தோள் பின்னால் போனது. ஒரு வெட்டு வெட்டினால் போதும். அந்த அரை நொடியில் அவருக்கு வரலாறு நினைவுக்கு வந்தது. வரலாற்றை விட, மாதாமாதம் சம்பளம் தரும் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. பந்தைப் பூப்போலத் திருப்பி அனுப்பினார். பெரியவர் அதை நன்றி சொல்லாமல் மூலைக்கு அனுப்பினார். அடுத்த இரண்டு புள்ளிகளும் அவருக்கே. பெரியவர் பக்கம் ஐந்துக்கு நாலு. அரங்கத்தில் சின்னவரின் ஆட்களுக்கென ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர், தியாகத்தை மதிப்பவராகத் தலையை ஆட்டினார்.

இப்போது ஜெராக்ஸ் சர்வீஸ். சறுக்கிச் சறுக்கி, இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே முடிந்தது என்கிற இடத்துக்கு வந்து நின்றது. முதல் பந்து வெளியே போனது. இரண்டாவது பந்தை வெளிப்பக்கமாக வளைக்க வேண்டும் என்று மனதில் தெளிவாகச் சொல்லிக்கொண்டார். மனம் சொன்னதைக் கை கேட்கவில்லை. நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு நான்கு வருடமாகத் தினம் அறுபது முறை பாடம் நடந்திருந்தது. பந்து நடுக்கோட்டருகே, மெதுவாகப் போய் விழுந்தது.

பெரியவர் அடிக்கவில்லை. வாயைச் சற்றே திறந்துகொண்டு, தன் வீட்டு மாடியில் தன்னையே பார்த்துவிட்டவர் போல அந்தப் பந்து தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மைதானத்தில் அன்றைக்கு விழுந்த மிக மெதுவான பந்து புள்ளியாகிவிட்டது. இருக்கையில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த புள்ளி பெரியவருக்கு. மறுபடி அதே நெருக்கடி. முதல் பந்து வலையில். இரண்டாவது பந்து மறுபடி அதே இடத்தில். இந்த முறை பெரியவர் இரண்டு எட்டு முன்னால் வந்து, சின்னவர் அறுபது முறை அடித்தது போலவே அடித்தார். ஆட்டம் முடிந்தது.

வலையருகே கை குலுக்கியபோது பெரியவர் கையை விடவில்லை.

"நல்லா ஆடினீங்க. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்த ரெண்டாவது சர்வீஸ். கடைசியில ரெண்டு தடவை போட்டீங்களே. அது என்னோடதா?"

ஜெராக்ஸின் ஆட்டத்தைப் பற்றி இத்தனை வருடங்களில் இன்னொரு ஆட்டக்காரர் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை, கை நழுவிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல பொய் கையருகிலேயே இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தச் சொத்தைப் பந்து தன்னுடையதாகிவிடும். அதை ஏற்றுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"உங்களோடதுதான்" என்றார். "கஷ்டமான பாயின்ட்ல மட்டும் வரும்."

பெரியவர் தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவி" என்று அந்தக் கையிடம் சொன்னார். பிறகு "ரொம்ப தேங்க்ஸ்" என்று ஜெராக்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பேராசிரியரின் அறையில் திரை இழுக்கப்படவில்லை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

"இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்" என்றார், நடந்ததை ஜெராக்ஸ் வாயாலேயே கேட்டுவிட்ட பேராசிரியர். "அஞ்சு வருஷம். கேட்டதும் தட்டுல வச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"கேட்டாரு சார். இல்லைன்னு சொல்ல வரலை."

சின்னவர் முதல்முறையாக வாளியிலிருந்து காலை எடுத்தார். "அவர் மாத்திடுவாரா?"

"நாளைக்கே மாத்திடுவார்."

"எங்க போடுவார்?"

ஜெராக்ஸ் கண்ணை மூடி யோசித்தார். "வெளிப்பக்கம், வளைச்சு. முதல் ரெண்டு ஆட்டத்துல தப்பு விழும். அப்புறம் சரியாயிடும்."

"அப்ப காலையில எட்டு மணிக்கு வந்து அதைப் போடுங்க" என்றார் சின்னவர். நூற்றாண்டின் போரைப் பற்றி அவர் சொன்ன மொத்தக் கருத்தும் அதுதான். பேராசிரியர் மடிக்கணினியைத் திறந்து 'வெளிப்பக்கக் கொள்கை' என்று ஒரு புதுக் கோப்பைத் தொடங்கினார்.

"பத்து மணிக்கு வரேன்" என்றார் ஜெராக்ஸ். "எட்டு மணிக்கு எனக்குக் கோர்ட் வேணும்."

"யாரோட ஆடப் போறீங்க?"

"யாரும் இல்லை. சும்மா."

மறுநாள் எட்டு மணிக்கு, வாகன நிறுத்தத்தை ஒட்டிய கடைசி கோர்ட்டில் ஒரு கூடைப் பந்துகளோடு நின்றார். பார்க்க யாரும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. ஒரு பந்தை எடுத்தார். பெரியவர் எப்படித் தூக்கிப் போடுவார் என்று தெரியும், சின்னவர் எப்படித் தூக்கிப் போடுவார் என்றும் தெரியும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நின்றால் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெற்றியில் வேர்த்தது. கடைசியில் எப்படியோ தூக்கி, எப்படியோ அடித்தார். பந்து வலையைத் தாண்டியது, கட்டத்தைத் தாண்டியது, பின்வேலியையும் தாண்டி ஒரு வேனின் கூரையில் டொம் என்று விழுந்து உருண்டது.

அவர் அது உருண்டு போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். இவ்வளவு மோசமான ஒரு பந்தைப் பெரியவர் தன் வாழ்நாளில் அடித்ததில்லை. ஜெராக்ஸ் கூடையிலிருந்து அடுத்த பந்தை எடுத்தார்.