அத்தான் மறைக்கச் சொன்னது

ஜொல்தோஷ் அத்தான் இறந்த நாற்பதாம் நாள். துவா ஓதி முடிந்து, எங்கள் வழக்கப்படி குதிரைக்கறி பரிமாறியாகிவிட்டது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முற்றத்துக்குப் போய் தேத்தண்ணி கொதிக்கும் சமோவாரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன், உள்ளே வருவேன், மறுபடி போவேன்.

"ஷைலோ, ஏன்டா இப்படி அலையறே? உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் அவர் மனைவி, என் அக்கா புருல்.

எங்கள் மலைநகரமான நாரினில் பாதிப் பேர் வீட்டைச் சூடாக்க அத்தான் தன் கையால் வைத்த கொதிகலன்தான் எரிகிறது. அவர்கள் எல்லாருமே வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக அவரைப் பற்றிப் பேசினார்கள். தாய் தகப்பன் இல்லாமல் மலையிலிருந்து இறங்கி வந்தவர், டிப்போவில் இரும்புக் குழாய் இறக்கிய கூலியாள், வெல்டிங் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றவர். "வெல்டிங் வெளிச்சத்துல கண்ணு ரெண்டும் செவந்துடும். உருளைக்கிழங்கை அரிஞ்சு கண்ணுல வச்சுக்கிட்டுப் படுப்பான். காலையில மறுபடி போயி நிப்பான்," என்றார் டிப்போவின் பழைய காவலாளி. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து மைத்துனன் நான் பேச வேண்டும். முப்பது வருஷமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லிவிடுவதென்று இருந்தேன்.

அக்காவுக்கு நெஞ்சு பலவீனம். கல்யாணமான முதல் குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகையில் இருமியே ஓய்ந்துபோனாள். அடுத்த நவம்பரில் அத்தான் அந்த நிலக்கரி அடுப்பை இடித்துத் தள்ளினார். முற்றத்துக் கொட்டகையில் கொதிகலன் வைத்து, குழாய் வழியே வெந்நீரை வீட்டுக்குள் ஓட விடுவதாகத் திட்டம். மூடிப்போன ஆலையிலிருந்து ஓர் ஆட்டைக் கொடுத்துக் குழாய்களை வாங்கிவந்தார். எல்லாம் பொருத்தினார். தண்ணீர் ஓடவில்லை. கொட்டகையில் கொதித்தது, வீட்டுக்குள் குழாய் பனிக்கட்டி போலச் சில்லிட்டுக் கிடந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தது.

அடுப்பை இடித்த ஏழாவது நாள் நான் மலைக் கணவாய்க்கு அப்பாலுள்ள கோச்கோரிலிருந்து லாரியை எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். "இந்தக் குழாய்க்காரனோட சேந்து நீயும் விறைச்சுச் சாகணுமா? கிளம்புக்கா," என்றேன். அத்தான் சுவரோரம் தலை குனிந்து நின்றார்.

"உருளைக்கிழங்கு ஏத்துற லாரியில என்னை ஏத்த வந்தியா? போடா," என்று அக்கா கதவைச் சாத்தினாள்.

ஒன்பதாவது நாள்தான் அத்தானுக்குப் பிடிபட்டது: வெந்நீர் தானாக மேலேறும், அதனால் கொதிகலன் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உறைந்த மண்ணைக் கடப்பாரையால் இடுப்பளவு தோண்டி அதை இறக்கினார். பதினோராவது நாள் சாயங்காலம் குழாய் சுட்டது. அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் இருமல் பாதியாகக் குறைந்தது. சிரித்தவர்கள், "எங்க வீட்டுக்கும் வந்து வையி" என்று வந்து நின்றார்கள். அவர் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது. எவ்வளவு வேலை குவிந்தாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பார். அக்கா கையால் ஒரு வாளி நிலக்கரி எடுக்க விட்டதில்லை.

அக்கா மட்டும் என்னை மன்னிக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "லாரியோட வந்தியா?" என்பாள். அத்தான் என் முகத்தைப் பார்ப்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

என் முறை வந்தது. எழுந்தேன்.

"அன்னிக்கு நானா வரலைக்கா. அத்தான் தபாலாபீஸிலிருந்து கோச்கோர்ல எங்க லாரி டிப்போவுக்குப் போன் பண்ணினார். 'உன் அக்கா இங்க குளிர்ல வாடுறா, வந்து கூட்டிட்டுப் போ'ன்னார். 'நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே, சொன்னா வர மாட்டா, என்னைத் திட்டுற மாதிரி திட்டிக் கூட்டிட்டுப் போ'ன்னார். சத்தியம் வாங்கிட்டார்."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா மெதுவாக எழுந்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் உன்னைக் குத்திக் காட்டினப்பெல்லாம் அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாரா?"

"ஆமா."

"திருட்டு மனுஷன்!" அவள் முகம் சிவந்தது. "ரெண்டு பேருமா சேந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. சரி, நான் கிளம்பிப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பாராம்?"

"நானும் கேட்டேன். 'வீடு சூடானதும் நடந்தே வந்து அழைச்சுக்குவேன்'ன்னார்."

"டோலோன் கணவாய் தாண்டி? அந்தப் பனியில?"

"ஆமாக்கா."

தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அறையைக் கடந்து வந்து, ஆண்கள் வரிசை என்றுகூடப் பார்க்காமல், என் எதிரில் உட்கார்ந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"போன்ல முதல்லேருந்து என்னென்ன சொன்னார்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாதே."

சொன்னேன். முடித்ததும், "மறுபடி சொல்லு," என்றாள்.