கல்பாக்கோடு பிறந்த நட்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கொச்கோர் வேன் ஸ்டாண்டைச் சேர்ந்த எல்லா வண்டிகளிலும் எல்லா நட்டுகளுக்கு அடியிலும் இனி வாஷர் போடப்படும். வாஷர் இல்லாத நட்டு, கல்பாக் தொப்பி இல்லாத கிர்கிஸ் தலை. இரண்டும் தேசத்துக்கு அவமானம்.

அறிவித்தவர் ஸ்டாண்டுத் தலைவர் முகாஷ். ஸ்பேனரில் எந்தப் பக்கம் வாய் என்று யோசித்துப் பார்ப்பவர். ஆனால் வட்டாரத்திலேயே உயரமான கல்பாக் அவருடையது. அதனால் பேச்சுக்கு எடை உண்டு.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வேன்களில் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்டைப் பூட்டுவது பிளேஞ்ச் நட்டு. அது கல்பாக்கோடு பிறந்த நட்டு. அடியில் அகலமாய் ஒரு விளிம்பு, அதுவே அதன் வாஷர். விளிம்புக்குக் கீழே சாய்வான பற்கள். முறுக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். கழலப் பார்த்தால் இரும்பைக் கடித்துக்கொள்ளும். நடுவில் வழவழப்பாக ஒரு தகட்டைச் செருகினால் பல் தகட்டைக் கடிக்கும், தகடு நட்டோடு சேர்ந்து சுற்றும். தோலோன் கணவாயின் குலுக்கலில் நட்டு கழன்று விழ அது போதும்.

இதை நானும் என் கூட்டாளி தாலாயும் பட்டறையில் பேசிப் பேசிச் சிரித்தோம்.

"தொப்பிக்குக் கீழ தொப்பியாடா? இனி எருமைக்கும் குடை பிடிக்கச் சொல்வார்" என்றான் தாலாய். "ஸ்டாண்டு கூட்டத்துல நீ ஆரம்பி எசென். நான் பின்னாடியே எந்திரிக்கறேன்."

ஸ்டாண்டு வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை யாருக்கு என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். அது போனால் எங்கள் பட்டறையில் பல்லி மட்டும்தான் மிஞ்சும்.

நான் எழுந்தேன். நட்டைத் தூக்கிக் காட்டிப் பற்களைச் சொன்னேன், கணவாயைச் சொன்னேன். ஓட்டுநர்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள். முகாஷ் தாடியைத் தடவிக்கொண்டு, "தாலாய், நீ என்னப்பா சொல்ற?" என்றார்.

தாலாய் எழுந்தான். கல்பாக்கைச் சரிசெய்துகொண்டான்.

"நீங்க சொல்றதுதான் சரி, முகாஷ் பைகே. இவன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்கற ஆளா இவன்?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முகாஷைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை தாலாய்க்குப் போனது, அவனுக்கு மட்டும். அன்றைய விருந்தில் மரியாதைக்குரியவருக்கு வைக்கும் ஆட்டுத் தலையும் அவன் முன்னால்தான் வைக்கப்பட்டது. அந்தத் தலையைப் பெற்றவன் அதன் காதை அறுத்து, பெரியவர் பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். தாலாய் காதை அறுத்து என் தட்டில் வைத்தான். நாற்பத்தாறு வயது எனக்கு. விருந்துக் கூடாரமே சிரித்தது. தின்றேன், நன்றாக வெந்திருந்தது.

முதல் பனி விழுந்த வாரம், கணவாய் ஏற்றத்தில் ஒரு வேனின் ஷாப்ட் கழன்று ரோட்டில் உருண்டது. யாருக்கும் அடியில்லை. பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் பனியில் நடந்து இறங்கினாள். முகாஷ் விசாரணை நடத்தி உண்மையைக் கண்டுபிடித்தார்: வாஷர் மெலிசு. இனிமேல் இரண்டு.

பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். என் வைஸ் இடுக்கி தாலாய் வீட்டில் கிடந்தது. எடுத்து வரப் போனேன். முற்றத்தில் அவனுடைய சொந்த வேன். தொழில் புத்தி, குனிந்து அடியில் பார்த்தேன். நான்கு பிளேஞ்ச் நட்டுகள். ஒரு வாஷர் கூட இல்லை. பற்கள் இரும்பில் அழகாகப் பதிந்திருந்தன.

நிமிர்ந்தபோது தாலாய் கையில் எங்கள் ஊர் உப்பு டீக் கிண்ணத்தோடு நின்றான்.

"எம் பிள்ளைங்க போற வண்டிடா" என்றான்.

"மத்த வண்டில போறதெல்லாம் யாரு பிள்ளைங்க?"

அவன் கிண்ணத்தை நீட்டினான். "ஆறிடப் போவுது, குடி."

வாங்கிக் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.