சிப்பாய் மேட்டில் காத்தவராயன்

துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் ஆசீர்வாதத்தைப் புளியந்தோப்பில் எல்லோரும் ‘ரைட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த லைன் வீடுகளில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பாவத்துக்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் புறப்பட்டவரை மண்ணாங்கட்டி வழிமறித்து, பேசின் பிரிட்ஜில் கால்வாய்ப் படகில் ஏற்றிவிட்டான்.

மண்ணாங்கட்டி கரி சுமக்கிறவன். கள்ளு உள்ளே போனால் கொள்ளுத்தாத்தா வெளியே வந்துவிடுவார். காத்தவராயன் என்று பேர். ஐதர் காலத்துச் சண்டையில் கும்பினிச் சிப்பாயாக நின்று உயிரை விட்டவர். எண்ணூருக்கு அந்தாண்டை, சிப்பாய் மேட்டில், வெள்ளைக்காரன் கல் நட்டு அவர் பேரைப் பொறித்திருக்கிறான் என்பது கதை. பெண்டாட்டி கெங்கம்மா பல வருஷம் கேட்டுச் சலித்துப் போனவள்.

“கல்லு, கல்லுன்றியே, ஒரு நாளு கண்ணுல காட்டுய்யா. ரைட்டரண்ணன் படிச்சுச் சொல்லட்டும். அப்பால நம்புறேன்” என்று சொல்லிவிட்டாள்.

படகில் தேங்காய், கற்பூரம், ஒரு தூக்கு நிறையக் கொள்ளுச் சுண்டல் எல்லாம் ஏறின. “கொள்ளு எதுக்கும்மா?” என்று கேட்டார் ஆசீர்வாதம்.

“கொள்ளுத்தாத்தாவுக்கு வேற இன்னாத்த படைக்கிறது, அண்ணாத்தே?”

காத்திவாக்கம் தாண்டி இறங்கி, வெயிலில் உப்புப் பொட்டலைக் கடந்தார்கள். மேட்டில் முள்ளுச் செடி நடுவே ஒரு கல் தூண் நின்றது. மண்ணாங்கட்டி தலைமுண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. இவ்வளவு சுத்தமாக அவனை ஆசீர்வாதம் பார்த்ததே இல்லை.

“படி ரைட்டரே.”

ஆசீர்வாதம் படித்தார். ஒரு காப்டன், ஒரு லெப்டினன்ட். அதன் கீழே, காப்டனின் உத்தமமான குதிரை ஜாக். கடைசியில், பொடி எழுத்தில், ‘மற்றும் சிப்பாய்கள் பலர்.’ அவ்வளவுதான். குதிரைக்குப் பேர் இருந்தது.

“தாத்தா பேரு கீதா?” என்றான் மண்ணாங்கட்டி.

கெங்கம்மா புருஷனைப் பார்க்கவில்லை, ரைட்டரைப் பார்த்தாள். நேற்று வரை கிண்டல் பண்ணினவள் முகத்தில் இப்போது ஒரு பயம்.

“கீது” என்றார் ஆசீர்வாதம்.

“எங்க? தொட்டுக் காட்டு” என்றான் மண்ணாங்கட்டி.

காப்டனைக் காட்டுவதற்குத் தைரியம் வரவில்லை. விரல் தானாக ஜாக் மேல் போய் நின்றது.

“காத்தவராயன் இம்மாத்தூண்டுதானா?” என்றாள் கெங்கம்மா.

“இங்கிலீஷ்ல எல்லாமே சுருங்கிப் போவும்மா.”

அவ்வளவுதான். ஜாக்குக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். வாழை இலையில் கொள்ளைக் கொட்டிப் படைத்தாள். மண்ணாங்கட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கர்த்தரே, இதைக் கணக்கில் எழுதாதேயும் என்று ஆசீர்வாதம் வேண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. நினைவுக்கல் பார்க்க வந்த ஒரு கிழட்டுத் துரையும், குடை பிடித்த துரைசானியும்.

துரை கல்லைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். இலையில் குவிந்திருந்த கொள்ளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

“குதிரைக்கா இதெல்லாம்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஆமாம் துரை” என்றார் ஆசீர்வாதம்.

“மூன்று குண்டு பாய்ந்தும் நிற்காமல் ஓடிய வீரன் அது.”

“துரை இன்னா சொல்றாரு?” மண்ணாங்கட்டி எழுந்து வந்தான்.

“உன் தாத்தா மகா வீரராம். மூணு குண்டு பாஞ்சும் ஓடினாராம்.”

“ஓடினாரா?” அவன் முகம் கறுத்தது.

“எதிரியப் பாத்து ஓடினாருப்பா.”

“அப்டி சொல்லு. நான் அவரு பேரனுக்குப் புள்ளைன்னு துரைகிட்ட சொல்லு.”

ஆசீர்வாதம் துரை பக்கம் திரும்பி, “பரம்பரை பரம்பரையாக இதைக் கவனித்துக்கொள்ளும் குடும்பம், துரை” என்றார்.

குதிரைக்காரன் வம்சம் என்று துரை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி, கரி ஏறிக் காய்த்த மண்ணாங்கட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரைசானி கெங்கம்மாவிடம் கையேந்தி ஒரு பிடி கொள்ளு வாங்கி மென்றாள். “நல்லா மெல்லும்மா, பல்லுல மாட்டிக்கும்” என்றாள் கெங்கம்மா. அதை மட்டும் ஆசீர்வாதம் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தார்.

திரும்பும்போது படகில் மண்ணாங்கட்டி, துரை குலுக்கின கையை மடியில் தனியாக வைத்திருந்தான். கெங்கம்மா அவன் பக்கம் ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் அவனுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு வந்தாள்.

கழி போட்டுப் படகு தள்ளிய தாமோதரன் மெல்ல ஆசீர்வாதத்தின் பக்கம் குனிந்தான்.

“எங்க பாட்டனுக்குப் பாட்டனும் அந்தச் சண்டைல தான் போய்ட்டாராம் ரைட்டரே. அடுத்த ஞாயித்துக்கிழம அவரு பேரும் கீதான்னு கொஞ்சம் பாக்குறியா?”

ஆசீர்வாதம் யோசித்தார். கல்லில் இன்னும் ஒரு காப்டனும் ஒரு லெப்டினன்ட்டும் மிச்சம் இருந்தார்கள்.

“பேரு இன்னா?” என்று கேட்டார்.