சம்பந்தி கொண்டுவந்த பாட்டில்

கல்யாணத்துக்கு மறுநாள், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த தோட்டத்து வீட்டில் சம்பந்தி விருந்து. திருச்செங்கோட்டு மண்டபத்துக் கூட்டமெல்லாம் கலைந்து, நெருங்கிய சொந்தம் மட்டும் வந்திருந்தது. பெண்ணின் அப்பா தங்கசாமி காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. இலை வந்ததா, பந்தலுக்கு ஃபேன் மாட்டியாயிற்றா என்று நடந்துகொண்டே இருந்தார்.

அவருடைய ஒரே மகள் தனப்பிரியா பெல்ஜியத்துக்குப் படிக்கப் போனவள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, கூட வேலை பார்த்த யோரிஸைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னபோது ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். தங்கசாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பையன் குடிப்பானா சாமி?"

"எப்பவாச்சும் கொஞ்சமுங்கப்பா."

'எப்பவாச்சும் கொஞ்சம்' என்று அவள் சொன்னதைப் போனில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று தனப்பிரியாவுக்குத் தெரியும். தங்கசாமி குடித்துக் கெட்டவர். மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டி வைத்து போர்வெல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வெயிலுக்கு என்று ஆரம்பித்தது, வண்டியை விற்று ஊர் திரும்பிய பிறகும் கூடவே வந்துவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் மகள் பரிசு வாங்கியபோது மேடையேறி மைக்கைப் பிடுங்கிப் பேசியவர், பேசிக்கொண்டிருக்கும்போதே தலைமை ஆசிரியரின் காலடியில் வாந்தி எடுத்தார். மனைவி சௌந்திரம்தான் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். கடைசியில் கால் வீங்கி, கண் மஞ்சளாகி, சேலத்தில் ஒரு மீட்பு மையத்தில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே நடக்கும், குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குப் போய்வருவார்.

இதில் எதையும் தனப்பிரியா புகுந்த வீட்டில் சொல்லவில்லை. "அப்பா குடிக்க மாட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அது அவர்கள் காதில், வெங்காயம் சாப்பிட மாட்டார் என்பதுபோல விழுந்திருந்தது.

யோரிஸின் அப்பா ஹென்ட்ரிக் பிரசல்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் மாடு வைத்துப் பால் கறப்பவர். ஆறடிக்கு மேல் உயரம். வெயிலில் முகம் சிவந்து, வேட்டி நழுவாமல் இருக்க மேலே பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட எருமையையெல்லாம் தடவிக்கொடுத்தபடி திரிந்தார். அவர் மனைவி மார்த்தா போன குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தாள்.

பந்திக்கு இலை போடும் நேரத்தில் அவர் அறைக்குள் போய், பெட்டியிலிருந்து துண்டு சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். கரும்பச்சைக் கண்ணாடி. லேபிள் இல்லை, வயிற்றில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும். சாக்ஸுக்குள் பத்திரப்படுத்தியிருந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இது யோரிஸ் பொறந்த வருசம் அடைச்ச பீருங்கப்பா. கோதுமையும் பார்லியும் காய்ச்சி, அகலத் தொட்டியில ஊத்தி, குளிர்காலத்து ராத்திரியில சன்னலைத் தொறந்து வெச்சிருவாங்களாம். ஈஸ்ட் எதும் போட மாட்டாங்க. அந்த ஊர்க் காத்துல இருக்கறது தானா வந்து உழுந்து புளிக்குமாம். அப்பறம் மரப்பீப்பாய்ல வருசக்கணக்கா கெடக்கும். பாட்டிலெல்லாம் கழுவுனது மார்த்தா அத்தையாம். மகன் கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி ரெண்டு பேரும் பாதிப் பாதி குடிக்கணும்னு அத்தையும் மாமாவுமாச் சேந்து எடுத்து வெச்சாங்களாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. இது அவளுக்கே அப்போதுதான் தெரியும். யோரிஸைப் பார்த்தாள். அவன் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஹென்ட்ரிக் கம்பியை அவிழ்த்து, தக்கையைக் கட்டைவிரலால் நெம்பினார். 'டப்' என்றது. நுரை மேலே வந்து அடங்கியது. பழுத்த எலுமிச்சை நிறத்தில் இரண்டு டம்ளரிலும் ஊற்றி, ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து தங்கசாமியிடம் நீட்டினார்.

இரண்டு கையாலும் கொடுப்பதை எப்படி மறுப்பது? தங்கசாமி வாங்கிவிட்டார்.

பீர் வாசம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது அதுவல்ல. புளித்த மாவு, ஈர வைக்கோல், மாடு கட்டிய தரை. ஆனால் அதற்கெல்லாம் அடியில் அவருடைய உடம்புக்குப் பழக்கமான அந்த ஒன்றும் இருந்தது. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது. 'ஒரு வாய்தானே' என்று ஒரு குரல், இத்தனை வருடம் எங்கேயும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்ததுபோல, நிதானமாகச் சொன்னது. விரல்கள் டம்ளரை இறுக்கிக்கொண்டன.

"வாங்கியாச்சல்ல, குடிங்க மச்சான்," என்றான் சௌந்திரத்தின் தம்பி கதிர்வேல். "பீருதான! கடல் தாண்டிக் கொண்டாந்திருக்கறாரு. வேண்டாமுன்னா மொகத்துல அடிச்சாப்பல ஆயிரும்."

சௌந்திரம் சமையல்கட்டிலிருந்து ரசப் பாத்திரத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். கணவரின் கையைப் பார்த்தாள், கழுத்தில் எச்சில் விழுங்குவதைப் பார்த்தாள். அந்தக் கழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

"இங்க குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவள் வாங்க வேண்டியிருந்தது.

"சம்பந்தின்னா நானுந்தான. நான் குடிக்கறேன்."

"அக்கா! உனக்கென்ன பித்தா புடிச்சிருக்குது?"

"ஏன்டா, நீ குடிச்சா பித்தில்லே, நான் குடிச்சாத்தான் பித்தா?"

யாரும் வாயைத் திறப்பதற்குள் ஒரு மடக்கு விழுங்கிவிட்டாள். முகம் சுருங்கி, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. இலை முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

ஹென்ட்ரிக் தன் டம்ளரை எடுத்துத் தூக்கிப் பிடித்தபடியே நின்றிருந்தார். தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. மருமகளிடம் தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார்.

"விரதம்னு சொல்லீரு கண்ணு," என்றான் கதிர்வேல் அவசரமாக. "மலைக்கு மாலை போட்டிருக்கறாருன்னு சொல்லு."

தனப்பிரியா அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். தங்கசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய் சொல்ல வேண்டாம் சாமி. இருக்கறதைச் சொல்லு. உங்கொப்பன் குடிகாரன். இப்பக் குடிக்கறதில்லே, அவ்வளவுதான். இந்த டம்ளரு உள்ள போச்சுன்னா நாளைக்கு நான் எங்க கெடப்பன்னு எனக்கே தெரியாது. அவிய பெரிய மனசோட கொண்டாந்திருக்கறாங்க. குடிக்க முடியலியேன்னு எனக்கும் வருத்தமாத்தான் இருக்குதுன்னு சொல்லு."

ஊரறிந்ததுதான். ஆனாலும் அவர் வாயால் அதை யாரும் கேட்டதில்லை. தனப்பிரியா அவர்கள் பாஷையில் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்தது. யோரிஸ் அவள் தோளில் கை வைத்து, மீதியைத் தான் சொல்லட்டுமா என்றான். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அவளே சொல்லி முடித்தாள்.

ஹென்ட்ரிக்கின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. தன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். கொட்டப் போகிறார் என்று சௌந்திரத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஏனுங்க! ஏனுங்க சம்பந்தி! கொட்டாதீங்க!" என்று பின்னாலேயே ஓடினாள். "அந்தம்மா கழுவி அடைச்சதுங்க அது. மண்ணுல ஊத்தறதுக்கா இத்தன வருசம் வெச்சிருந்தீங்க?"

வார்த்தை புரியாவிட்டாலும், பாட்டிலைப் பிடித்த அவள் கை புரிந்தது. அவர் நின்றார். தென்னைமர நிழலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி அவரை உட்காரச் சொல்லி, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தங்கசாமியைப் பார்த்து, "நீங்க போயி சோளக்காட்டுக்குத் தண்ணி பாயுதான்னு பாத்துட்டு வாங்க. இங்க நிக்க வேண்டாம்" என்றாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உடனே போய்விட்டார்.

இரண்டாவது வாயை அவள் மெதுவாகக் குடித்தாள். ஆறு ஏழு வருடம் இந்த வீட்டுக்குள் ராஜாவாட்டம் இருந்த சாமானை அவள் மூக்கால் மட்டுமே அறிந்திருந்தாள், அதுவும் புருஷனின் மூச்சில். அவளுடைய தோட்டத்தில் பாதியை, தூக்கத்தை, மகளின் சிரிப்பைக் கொண்டுபோன அது தனக்குள் அப்படி என்ன வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும்.

"எப்படி இருக்குதுன்னு கேக்கறாங்கம்மா," என்றாள் தனப்பிரியா.

"மொதல்ல புளிக்குது. எலுமிச்சங்காயைத் தோலோட கடிச்சாப்பல. அப்பறம் கட்டுத்தரையில மழை பேஞ்சா ஒரு வாசம் வருமே, மாட்டு மூத்தரமும் வைக்கோலுமா, அது. முழுங்கினதுக்கப்பறம் தொண்டையில கொய்யாப்பழமாட்ட என்னமோ நிக்குது." கொஞ்சம் யோசித்தாள். "நல்லாருக்குதுன்னு சொல்ல மாட்டன். ஆனா கெட்டது இல்லே. எங்க நீராகாரமும் இப்பிடித்தான், காத்துலயே புளிக்கும்."

தனப்பிரியா சொல்லச் சொல்ல ஹென்ட்ரிக் முன்னால் குனிந்து கேட்டார். கட்டுத்தரை என்ற இடத்தில் அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

"அத்தையும் மாட்டுக் கொட்டாய் வாசம்னுதான் சொல்லுவாங்களாம்மா. அவங்களுக்கு இது புடிக்கவே புடிக்காதாம். மாமாவுக்காக ஒரு டம்ளர் குடிப்பாங்களாம்."

"பொறகென்ன," என்றாள் சௌந்திரம். "எல்லா ஊருலயும் அதே கதைதான்."

கால் பாட்டிலுக்கு மேல் அவளால் முடியவில்லை. மீதியை ஹென்ட்ரிக்கும் யோரிஸும் குடித்து முடித்தார்கள். கதிர்வேலுக்கு யாரும் கொடுக்கவில்லை.

பந்தி முடிந்ததும் அவள் சோளக்காட்டுக்குப் போனாள். நடை லேசாகத் தள்ளாடியது. அது அவளுக்கே சிரிப்பாக வந்தது. தங்கசாமி வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் எப்போதோ பாய்ந்து முடிந்துவிட்ட வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்காரவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன்ர மேல வாசம் வருது புள்ள."

"வரட்டும். நான் எத்தன வருசம் மோந்தன். ஒரு நாளைக்கு நீங்க மோந்தா என்ன?"

அவர் சிரிக்கவில்லை. "வெளையாட்டில்லே சௌந்திரம். தள்ளி உக்காரு. அந்த நெனப்பு இன்னும் போகலே."

அவள் சிரிப்பு நின்றது. எழுந்து கிணற்று மேட்டுத் தொட்டிக்குப் போய், வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்து, வேப்பங்குச்சி ஒடித்து மென்று துப்பிவிட்டு வந்தாள். இந்தத் தடவை காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

"அத்தன பேரு முன்னால சொல்லீட்டீங்களே," என்றாள்.

"நீ குடிச்சையே. அப்பறம் எனக்கு என்ன வெக்கம்?"

பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கசாமி விடிந்ததும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு சேலம் கூட்டத்துக்குக் கிளம்பினார். இரவு அவர் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஹென்ட்ரிக் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"கூட வரட்டுமான்னு கேக்கறாங்கப்பா. உள்ள வர மாட்டாங்களாம். பஸ்ல தொணைக்கு."

"எதுக்கு சாமி அவியளுக்குச் சிரமம்," என்றார் தங்கசாமி. ஆனால் படி இறங்கியதும், அவர் பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் ஹென்ட்ரிக்கின் முழங்கால் முன்சீட்டில் இடித்தது. தங்கசாமி எழுந்து தன் வழியோரச் சீட்டைக் கொடுத்து, அவர் காலை நடுவழியில் நீட்டிக்கொள்ளச் செய்தார். பேச இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த மாடுகளை ஒருவர் காட்ட, இன்னொருவர் தலையாட்டிக்கொண்டே சேலம் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் தங்கசாமி எப்போதையும்விட நிறைய நேரம் பேசினார். வெளியே வந்தபோது, எதிர் டீக்கடை பெஞ்சில் ஹென்ட்ரிக் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று அவர் போனில் மாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கசாமியைப் பார்த்ததும் அவர் எழுந்து, 'ஆயிற்றா?' என்பதுபோல முகத்தை உயர்த்தினார்.

தங்கசாமி ஆயிற்று என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னார்.