பாதிக் காற்று

சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் ராட்சத விசிறியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரமும் மிச்சம், கார்பன் புகைக் கணக்கும் குறையும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். காற்றோட்டப் பொறியாளர். அந்தத் திட்டத்தில் இன்னொரு பாதியும் இருந்தது: ஆட்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, அங்கே காற்றைக் கூட்டிக் கொடுக்கும் கருவிகள். அவற்றை வாங்கும் பேச்சு வந்ததும் மேனேஜர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு ஊரெல்லாம் மார்தட்டினார். தொழிலாளிகள் அவருக்குப் ‘பசுமைத் திலகம்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள்.

அவளுடைய தம்பி அந்தக் குழிக்குள்தான் வெட்டியதை அள்ளும் டீசல் லோடர் வண்டி ஓட்டுகிறான். ஒரு மாலை, வேலை முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தவன் வாஷ்பேசினில் குனிந்து இருமினான். கெட்டியாகக் கறுத்த சளி. தண்ணீரைத் திறந்துவிட்டும் போகாமல் வெள்ளைப் பீங்கானில் இழுபட்டது.

“எப்போலேர்ந்துடா இப்படி?”

“காத்தைக் குறைச்சதுலேர்ந்துதான். ரெண்டு பேரு மயங்கியே விழுந்துட்டாங்க. உன் திட்டமாச்சே, சொன்னா உனக்குச் சங்கடம்னு வாயை மூடிக்கிட்டேன்க்கா.”

அவள் அதைக் கையாலேயே வழித்துக் கழுவினாள். கருவி எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்ட தன் முகம் கண்ணாடியில் தெரிந்தது. சீ என்றிருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“பசுமை விருதுக் குழு வருதும்மா. கொஞ்ச நேரம் கீழ சுத்திப் பார்ப்பாங்க. விசிறியை முழு வேகத்துல வை.”

“விருதே அதைப் பாதியில ஓட்டுறதுக்குத்தானே சார்?”

“பெரிய மனுஷங்க, மூச்சு முட்டினா நல்லாவா இருக்கும்? அவங்க மேல வந்ததும் குறைச்சிடு.”

“நம்ம ஆளுங்களுக்கு?”

“அவங்களுக்குப் பழகிப்போச்சேம்மா.”

அந்த முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு விசிறி அறைக்குப் போய் வேகத்தை முழுதாகக் கூட்டினாள். பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டியை மூடி, தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை மாட்டினாள். அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. மாட்டியவர்தான் திறக்கலாம். வேறு யார் கை வைத்தாலும், மேனேஜரே ஆனாலும், வேலை காலி.

விருந்தினர்கள் இறங்கினார்கள், காற்றை வாயாரப் புகழ்ந்தார்கள், விருதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மேனேஜர் விசிறி அறைக்கு ஓடிப்போய்ப் பூட்டைப் பார்த்தார். அதற்குள் அவள், தம்பி வேலை செய்யும் இடத்துக்கே இறங்கிவிட்டிருந்தாள். சுரங்கத்து போனை எடுத்துக் கத்தினார்.

“சாவி எங்கம்மா?”

“என் பாக்கெட்ல சார். ஷிஃப்ட் முடியற வரைக்கும் நான் இங்கதான். வேணும்னா இறங்கி வந்து வாங்கிக்குங்க.”

“அந்தப் புகையிலயா? மனுஷன் வருவானா அங்க!”

அந்த போனில் பேசுவது ஒலிபெருக்கி வழியாகக் குழி முழுக்கக் கேட்கும். கீழே எட்டிக்கூடப் பார்க்காத மேனேஜருக்கு அது தெரியாது. லோடர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மாலையில் அவள் மேலே வந்தபோது விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் தன் பூட்டைத் திறக்கும் முன்பே, அடுத்த ஷிஃப்டுக்கு இறங்க வந்த லோடர்காரர் அவரை விலக்கிவிட்டு, பக்கத்திலேயே தன் பூட்டை மாட்டினார்.