ஏழாவது ஊசி

விண்வெளி மையத்திலிருந்து வந்த கடிதத்தை நான்காவது முறை படித்தபோது அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை. நேராகப் பிடித்துப் படித்தபோதும் முகம் இப்படித்தான் வெளிறியிருந்தது.

கடிதத்தில் பயப்பட ஒன்றுமில்லை. மையத்துக்கு ஐம்பது வயதாகிறது. வரலாற்றுக் கூடம் திறக்கிறார்கள். முதல் செயற்கைக்கோளுக்கு ஓர் இரட்டை உண்டு. ஒன்று மேலே போயிற்று, மற்றொன்றைத் தரையிலேயே வைத்துச் சோதித்தார்கள். தரையில் நின்றது இப்போது காட்சிக்கு வருகிறது. உள்ளிருக்கும் கருவிகள் தெரிய, அதன் பொன்னிறப் போர்வையைத் தைத்தவரே வந்து பிரித்துக் கொடுத்தால் சிறப்பு. இவ்வளவுதான்.

விண்வெளி வரலாறு என்றால் ஊர் உலகத்துக்கு ராக்கெட்டும் நெருப்பும். எங்கள் வீட்டில் அது ஒரு தையல் மிஷின். வெயிலில் வேகாமலும் நிழலில் உறையாமலும் இருக்கச் செயற்கைக்கோளுக்குச் சட்டை தைத்தவர் அப்பா. “போட்டுக்கிட்டவரு இன்னிக்கு வரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல” என்பார். அன்று அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

“அம்மாட்ட சொல்லிடாதடா” என்று ஆரம்பித்தார்.

மையத்தின் தையல் அறையில் காலையில் ஏழு ஊசி வாங்கினால் மாலையில் ஏழையும் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் போர்வை முழுவதையும் பிரித்துத் தேடுவார்கள். உள்ளே தங்கிய ஊசி மின்கம்பியில் உரசினால் செயற்கைக்கோளின் கதை முடிந்தது. கடைசி நாள் இரண்டு போர்வைகளிலும் மாறி மாறித் தைத்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா கையில் ஆறுதான் இருந்தது. சாப்பாட்டுப் பையில் வீட்டு ஊசி ஒன்று கிடந்தது. ஏழாகக் கொடுத்துவிட்டார். எண்ணி வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது அம்மா. அப்போது அம்மா ஆகியிருக்கவில்லை. ஸ்டோர் ரூம் மேடம்.

“பொய்க்குக் கீழ அவ கையெழுத்து. முப்பத்தோரு வருஷமா அவ பக்கத்துலயே உக்காந்து சாப்புடுறேன். அது இந்தப் போர்வையில இருந்துட்டா போதும்டா. மேல போகலன்னு தெரிஞ்சிட்டா அவகிட்ட சொல்லிடுவேன்.”

அம்மாவும் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல அப்பாவிடம் காரணம் இருந்தது. சொல்லும்படியான காரணம் இல்லை.

கூடத்தில் அப்பா ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். வெங்காயத்தை உரிப்பதுபோல ஏடு ஏடாக என் கைக்கு வந்தது. கையுறை போட்ட விரலால் ஓரம் ஓரமாகத் தடவினேன். கடைசி ஏடும் வந்தது. ஊசி இல்லை. அப்பா வெறும் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன தேடுறீங்க?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.”

“ஊசியா?”

அப்பா பேயறைந்ததுபோல நிமிர்ந்தார்.

“ஸ்டோர் ஊசிக்குக் காது பொடிசு. நீங்க குடுத்ததுல கயிறே கோக்கலாம். எண்ணுறவளுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்ட?”

“உங்க மூஞ்சியப் பாத்தேன். பிரிக்கச் சொன்னா அங்கயே அழுதிருப்பீங்க.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “அப்புறம் எனக்கில்ல தூக்கம் போச்சு. மூணு வருஷம்னு அனுப்புனது பதினோரு வருஷம் ஓடி முடிக்கிற வரைக்கும், காலையில பேப்பர்ல மொதல்ல அதத்தான் தேடுவேன். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒருநாள் வீடு தேடி வந்தீங்க. அப்பாடா, ஊசி விஷயந்தான்னு நெனச்சேன். பொண்ணு கேட்டீங்க.”

நான் சிரிக்கக் கூடாது என்று செயற்கைக்கோளைப் பார்த்தேன்.

“அந்த வீட்டு ஊசி?” என்றார் அப்பா.

அம்மா அவர் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்து இழுத்தாள். “இதெல்லாம் எதுல தைக்கிறேன்னு நெனச்சீங்க?”

வெளியே நல்ல உச்சி வெயில். அம்மா குடையை விரித்து அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். அப்பா குடையின் விளிம்பை ஒதுக்கிவிட்டு, கையை நெற்றியில் வைத்து, ஒன்றுமே தெரியாத வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது.